செம்பனைக்கு மேலே மூன்று விளக்குகள்

என் அப்பா ரபேல், குளுவாங் வட்டாரத்தில் தொலைபேசிக் கம்பம் நடும் வேலையில் ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு இன்னொரு வேலை அவரைத் தேடி வந்தது. இருட்டிய வானத்தில் என்னவென்று தெரியாத வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, அது என்ன என்று சொல்வார். கூலி கிடையாது. தேத்தண்ணீர் உண்டு.

தொடக்கம் கோத்தா திங்கியில், அத்தை வீட்டில். ஒரு மாலை கிழக்கே மேகம் பச்சையாகத் தெரிந்தது. உலகம் முடியப்போகிறது என்று தெருவே ஜெபமாலை சொன்னது. அப்பா கடற்கரைவரை போய்த் திரும்பி வந்தார்.

"சோத்தோங், கணவா மீனு புடிக்கிற படகு. பச்ச லைட்டு போட்டிருக்கான். ஜெபத்த முடிச்சிட்டுச் சாப்பிடுங்க."

அவருடைய முறை எளிமையானது. பார்த்தவர் நின்ற இடத்திலேயே, அவரோடு சேர்ந்து நிற்பார். வெளிச்சம் வந்ததும் இரண்டு குச்சிகளை, ஒன்றின் பின் ஒன்றாக, வெளிச்சத்தோடு ஒரே கோட்டில் வருமாறு நடுவார். கம்பங்களை நேராக நடுவதற்குக் கண்ணை வைத்துப் பார்த்த பழக்கம் அது. அதே நேரத்தில் வேறோர் இடத்தில் இன்னொருவர் இன்னும் இரண்டு குச்சிகளை நடவேண்டும். விடிந்ததும் இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றன என்று பார்த்துவிட்டு அங்கே போவார். தவறியதும் உண்டு. ஒரு முறை செயற்கைக்கோள் என்று உறுதியாகச் சொன்னது, யாரோ கல்யாண வீட்டில் விளக்கேற்றிப் பறக்கவிட்ட காகிதக் கூண்டாக இருந்தது. தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்வார். பார்த்தவரைப் பொய்யர் என்று மட்டும் ஒருபோதும் சொன்னதில்லை.

நான் அபிகெயில். சிங்கப்பூரில் கணினிச் சிப் தொழிற்சாலை ஒன்றில் சோதனைக் கருவிகளைப் பராமரிக்கிறேன். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் பிறகு அப்பா எனக்குப் போன் செய்வார். விடையை உடனே சொல்லமாட்டார். என்னை ஊகிக்கச் சொல்வார்.

பிப்ரவரியில் ஒரு காலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் மணியம் வீட்டுக்கு வந்தார். சிம்பாங் ரெங்கம் பக்கம், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் காவலாளி. அம்மாவிடம் துக்கம் விசாரித்தார். பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரபேல் அண்ணன் வர்றேன்னு சொல்லியிருந்தாரு," என்றார். "சாவு வீட்ல இதக் கேக்கக் கூடாதுதான்."

"கேளுங்க அங்கிள்."

தோட்டத்து எல்லையில், மரங்களுக்கு மேலே, மூன்று விளக்குகள் வருகின்றன. சிவப்பு, பச்சை, வெள்ளை. ஒரே இடத்தில் நின்று ஆடுகின்றன. மணியம் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் பார்க்க வந்த அன்று மழை, விளக்கு வரவில்லை. ஆனால் காவல் கொட்டகைக்குப் பின்னால் காலி சாம்சு போத்தல்கள் கிடந்தன. குடித்துவிட்டு உளறுகிறார் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை விசாரணை. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும்.

"குடிச்சீங்களா அங்கிள்?"

"சுகருக்கு மாத்திர சாப்பிடுறவம்மா நானு."

"அப்ப போத்தல்?"

தரையைப் பார்த்தார். "அது நான் குடிச்சதில்ல." போக எழுந்தார்.

அம்மா கெர்ட்ரூட் உள்ளே இருந்து வந்தார். "அவரு வர்றேன்னு சொன்னாருல்ல? நீ போ."

சனிக்கிழமை பொழுது சாயும்போது போனேன். மணியத்தைக் கொட்டகையருகே இரண்டு குச்சிகளோடு நிறுத்தினேன். எப்படி நடுவது என்று காட்டினேன். நான் மண்சாலையில் எல்லைக் கால்வாய்வரை போய் நின்றேன். நன்றாக இருட்டியதும் விளக்குகள் வந்தன. அவர் சொன்னபடியேதான். குச்சிகளை நட்டேன். அப்போது ஒரு சத்தமும் கேட்டது. தாழ்ந்த ரீங்காரம். காற்று வந்தால் ஏறியது, காற்று நின்றால் இறங்கியது. அவருக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், ஏதோ சத்தம் வருது. அங்க கேக்குதா?"





"ஒனக்கும் கேக்குதா?" குரல் இறங்கியிருந்தது. "அதப் பத்திப் பேசக் கூடாதும்மா. முனியாண்டி எல்லையச் சுத்தி வர்ற சத்தம்."

"இத அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"அவரு வேதக்காரரு. அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

பிறகு மீதியையும் சொன்னார். விளக்கைப் பார்த்த நாள் முதல் எல்லைக் கோயிலில் முனியாண்டிக்குச் சாம்சுவும் சுருட்டும் வைத்து வந்திருக்கிறார். சாராயத்தைக் கல்லின்மேல் ஊற்றிவிட்டு, காலி போத்தலைக் கையோடு எடுத்து வந்துவிடுவாராம். அங்கேயே விட்டால் உடைந்து டிராக்டர் டயரைக் கிழித்துவிடும்.

"அங்கிள், மேனேஜர் பாத்த போத்தல் அதுதானா?"

"அதான்."

செயற்கைக்கோளுக்குச் சத்தம் இல்லை. டிரோனின் சத்தம் காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்காது; அதன் பேட்டரியும் இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இது ஓரிடத்தில் கட்டப்பட்டு, காற்றில் நிற்கும் ஒன்று.

காலையில் இரண்டு கோடுகளையும் போன் வரைபடத்தில் இழுத்தேன். கால்வாய்க்கு அப்பால் ஒரு மலாய்க் கிராமத்தின் திடலில் வெட்டிக்கொண்டன. மணியத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போனேன். திடலை ஒட்டிய வீட்டின் சுவரில் ஒரு வாவ் பட்டம் தொங்கியது. ஆள் உயரம். தலைப்பக்கம் வில் கட்டியிருந்தது. ஓரத்தில் மூன்று சிறு பல்புகள், ஒரு பேட்டரி.

வீட்டுக்காரர் ரம்லி. மலாயில் மாமாவுக்குச் சொல்வதுபோல் பாக்சிக் என்று கூப்பிட்டேன். போட்டிக்காகத் தயார் செய்கிறாராம். அந்தி மக்ரிப் தொழுகை முடிந்து ஏற்றிவிட்டு, கயிற்றைத் தென்னையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாராம். வில்லின் நாணை விரலால் சுண்டிக் காட்டினார். அதே ரீங்காரம். மணியம் ஓர் அடி பின்வாங்கினார்.

பாக்சிக் சிரித்தார். இவர் வேலை போகப்போகிறது என்று நான் மலாயில் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

மேனேஜர் கமலநாதனின் அறைக்குள் பட்டம் நேராக நுழையவில்லை, சாய்த்துக் கொண்டுபோனோம். அவர் பட்டத்தையும் வரைபடத்தையும் பார்த்தார். பல்பைப் போடச் சொன்னார்.

"லைட்டு சரி. ஒத்துக்கிறேன். போத்தல்?"

மணியம் என்னைப் பார்த்தார். அது அவர் சொல்லவேண்டியது.

"முனியாண்டிக்கு வச்சது சார்."

கமலநாதன் பேனாவைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"சாமி பேரச் சொல்லி வேலையக் காப்பாத்திக்கக் கூடாதுன்னு நெனச்சேன் சார்."

"சுருட்டும் வச்சியா?"

"வச்சேன் சார்."

"அந்தச் சுருட்டுத் துண்டுங்கள நானே கோயில்ல பாத்தேன். எவனோ வந்து ஊதிட்டுப் போறான்னு நெனச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னிக்கு வேலைக்கு வந்திரு. அடுத்த தடவ போத்தலக் குப்பத் தொட்டியில போடு."

வெளியே வந்ததும் மணியம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். வேலை நிலைத்தால் முனியாண்டிக்குச் சேவல் என்று வேண்டியிருந்தாராம்.

"பட்டம்தானே அங்கிள்?"

"பட்டந்தான். மேனேஜரு மனசு மாறினது யாரால?"

"பாக்சிக் வந்து காட்டினாரு."

"அவர வரச் சொன்னது?"

"நான்."

"ஒன்னய வர வச்சது?"

"அப்பா."

"அண்ணன வரச் சொன்னது?"

"நீங்கதான் அங்கிள்."

"அப்பச் சேவல யாருக்கு வெட்றது?"

அப்பா இறந்த பிறகு முதல் முறையாகச் சிரித்தேன். முனியாண்டிக்கே வெட்டச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து அம்மாவையும் அழைத்துப் போனேன். அப்பா போனதிலிருந்து அம்மா அடுத்தவர் வீட்டில் கை நனைக்கவில்லை. கறி யாருக்குப் படைத்தது என்று அவர் கேட்கவில்லை. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். குழம்பில் உப்பு கம்மி என்றார்.