சீசனில் ஊரில் இல்லாதவர்

அரப்பாளையம் பேருந்து நிலைய வாசலில் கூடை வைத்து ப்ளம்ஸ் விற்ற அந்த அக்கா, கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். மதுரை வெயிலிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். பழத்தின் மேல் படிந்திருக்கும் வெண்பூச்சை யாராவது துடைத்தால் கோபம் வந்துவிடும்.

“துடைக்காதீங்க. அது எங்க ஊருப் பனி.”

அப்போது நானும் நண்பர்களும் மலையேற மாதம் பார்த்துக்கொண்டிருந்தோம். “உங்க ஊருக்கு எப்பக்கா சீசன்?” என்று கேட்டேன்.

“எதுக்கு? ப்ளம்ஸுன்னா இப்ப. பேரிக்கான்னா ஆடி.”

“பழத்துக்கு இல்லக்கா. ஊரைச் சுத்திப் பாக்க.”

பழம் பொறுக்கிய அக்காவின் கை கூடையிலேயே நின்றது. “இப்ப மரமெல்லாம் செவந்து கெடக்குமாம், அம்புட்டு அழகுன்னு வாரவங்க சொல்றாங்க. பழம் இறங்குனா நானும் இறங்கிருவேன் தம்பி. வாக்கப்பட்டதுலருந்து சீசன்ல நான் ஊர்ல இருந்ததே இல்ல.”

மறுவாரமே போனோம். மரங்கள் சிவந்துதான் கிடந்தன. திரும்பி வந்து அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷமும் ப்ளம்ஸ் வந்துவிட்டது. அதே வாசலில் வேறு யாரோ பழங்களைப் பளபளவென்று துடைத்து அடுக்கியிருக்கிறார். அக்காவைக் காணோம்.

ஊரில்தான் இருக்கிறார் என்று நம்பிக்கொள்கிறேன்.