அக்காவுக்கு வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் அதைத்தான் சொல்லுவேன்.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வீடு புதுச்சத்திரம் பக்கம். லாரி ஓட்டிய மச்சான் விபத்தில் போன பிறகு அக்கா எங்களிடமே வந்துவிட்டாள். அவள் கொண்டுவந்தது ஒரு ட்ரங்குப் பெட்டி, மச்சான் பம்பாய் லோடு போனபோது வாங்கிவந்த ரெக்கார்டு பிளேயர், இருபது சொச்சம் ரெக்கார்டு, அவ்வளவுதான். அந்த பிளேயருக்குச் சொந்தமாகக் குரல் கிடையாது. எங்கள் பழைய வால்வு ரேடியோவின் முதுகில் ஒயரைச் செருகினால், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல முனகும்.

அக்காவுக்கு முப்பத்திரண்டு வயதுதான். அதற்குள் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. சேலத்து டாக்டர் நரம்பு என்றார், மருந்து கிடையாது என்றார், மிஞ்சினால் இன்னும் ஒரு வருஷம் கேட்கும் என்றார். அதற்குப் பிறகு அவள் ரேடியோ மேலேயே காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு வருஷமாவது மச்சான் வாங்கித் தந்த பாட்டுகளைக் காதாரக் கேட்கட்டும் என்று ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பினேன்.

கையிலிருந்த காசுக்குப் புதிதாகக் கம்பெனிச் சாமானை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சேலத்தில் ஒரு சந்துக்குள் இருந்த ரேடியோ ரிப்பேர்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று அவரே பாகம் வாங்கிப் பூட்டிச் செய்த சின்ன ஆம்ப்ளிஃபயர். இன்னொன்று கல்யாண வீடுகளில் ஓடி ஓய்ந்த மைக் செட் ஆம்ப்ளிஃபயர். விலை ஏறக்குறைய ஒன்றுதான். மந்தக் காதுக்குச் சத்தத்தைவிடத் தெளிவுதான் முக்கியம், சின்னதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனுஷன் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டேனா? எங்கள் பக்கத்தில் சத்தம் என்றால் மைக் செட்தான். கரண்டு போனாலும் லாரி பேட்டரியில் ஓடும். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஊரே பார்க்கும் என்ற நினைப்பும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு பெட்டி ஸ்பீக்கரையும் சேர்த்து வாங்கிவந்து மாட்டினேன். உர்ரென்று ஓர் இரைச்சல், அதற்கு மேலே பாட்டு. அக்கா முகம் மலர்ந்துவிட்டது.

"ஏஞ்சாமி, இந்தப் பாட்டுல பொறத்தால வயலின் வேற வாசிக்கறாங்களா? இத்தன நாளா எனக்குத் தெரியலையே."

பதினெட்டு நாள் கேட்டாள். மறக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் பெரியப்பா வந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம். எங்களில் கல்யாணத்துக்கு அண்டா, ஜமக்காளம் எல்லாம் பங்காளி வீடுகளிலிருந்துதான் போகும். இல்லையென்று சொன்னால் நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவரும் படியேற மாட்டார்கள். அண்டாவோடு மைக் செட்டும் சேர்ந்துவிட்டது. சின்னதை வாங்கியிருந்தால் ஒரு பயல் கேட்டிருக்க மாட்டான். ரெண்டு நாளைக்குத்தான் சாமி என்றார் பெரியப்பா. அப்பா தலையாட்டினார். பிளேயரும் ரெக்கார்டுகளும் கூடவே போயின. தாலியறுத்தவள் என்று அக்காவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. பந்தலில் குமிழைத் திருகிக்கொண்டு மாப்பிள்ளையைவிட மிடுக்காக உட்கார்ந்திருந்தேன். மைக் செட்டுத் தம்பி என்று எனக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. அங்கிருந்து மாமன் வீட்டுக் காதுகுத்து, அடுத்து வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஒரு சீர், அப்புறம் ராசிபுரத்தில் ஒரு கிரகப்பிரவேசம். ஒவ்வொரு தடவையும் நானேதான் தூக்கிக்கொண்டு போனேன். அது எப்போது வீட்டுக்கு வரும் என்று அக்கா கேட்பாள். வந்துவிடும் என்பேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் ஒரு கோயில் நோம்பியில், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் புகைந்து, கருகித் திரும்பி வந்தது. அதற்குள் எட்டு மாதம் ஓடியிருந்தது. சேலத்து ரிப்பேர்காரர் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிக் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினேன். அக்கா முந்தானையால் ரெக்கார்டைத் துடைத்து, முள்ளைத் தானே எடுத்து வைத்தாள். பாட்டு வந்தது, முன்பிருந்த இரைச்சல்கூட இல்லாமல். அக்கா சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழைத் திருகினேன். இன்னும் கொஞ்சம் திருகினேன். எதிர்வீட்டுக்காரர் தெருவுக்கு வந்து, குறைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். நான் கடைசிவரை திருகிவிட்டேன். ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்துக் குமிழிலிருந்து எடுத்தாள்.

"உடு சாமி. ஊரெல்லாம் போயிட்டு வந்துதுல்ல, கெட்டுப் போச்சாட்ட இருக்குது. நீ வெசனப்படாத."

ஆமாம், கெட்டுப்போய்விட்டது என்று தலையாட்டினேன்.