கப்பின் அடியில் இருந்த பெயர்

போன வாரம் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கைரேகை வைக்கிற எந்திரம் என்னை யாரென்றே தெரியாது என்றது. நான்கு முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். வருஷக்கணக்கில் பீங்கான் கம்பெனி ஈரத்திலேயே ஊறின விரல், அதில் ரேகை எங்கே இருக்கும். “ஓரமா நில்லுங்கம்மா, அப்புறமா பாக்கலாம்” என்றார் கடைக்காரர். ஓரமாக நிற்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, நின்றேன்.

பக்கத்தில் ஒரு இளம்பெண், இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளை. பிள்ளையின் கையில் போன், போனில் பொம்மைப் படம். ஓர் ஆடு பஸ் ஏறுகிறது, பின்னாலிருந்து பாட்டு வருகிறது.

வேலூரு பஸ்ஸில
வெள்ளாடு ஏறுச்சாம்
டிக்கெட்டு கேட்டதுக்கு
டிக்கெட்டையே தின்னுச்சாம்

பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தது. பாட்டு முடிந்ததும் மறுபடி வைக்கச் சொல்லி அடம்பிடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “வேலூரு இல்லம்மா, வேப்பூரு” என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “இத எழுதுனவரு நம்ம பஸ் ஸ்டாண்டுல வேலை பாத்தவரு. பூவராகன்னு பேரு” என்று நானே சொன்னேன்.

“எழுதுனாங்களா? இது அந்தக் காலத்துப் பாட்டுக்கா. கீழ போட்டிருக்குது பாருங்க” என்று போனை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். பாரம்பரியப் பாடல் என்று போட்டிருந்தது. பாரம்பரியமாம். அந்தப் பாரம்பரியம் சர்க்கரை இல்லாத டீ குடித்ததும், காதோரம் பென்சில் சொருகிக்கொண்டு திரிந்ததும், அந்தப் பென்சிலையே ஊரெல்லாம் தேடினதும் எனக்குத் தெரியும்.

பூவராகன் டைம் கீப்பர். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ் என்று ஒரு கூண்டு அப்போது இருந்தது, எந்நேரமும் டீசலும் வெற்றிலையும் கலந்த வாடை அடிக்கும். எந்த பஸ் எப்போது என்று மைக்கில் சொல்வதுதான் அவர் வேலை. பஸ் நேரத்துக்கு வந்தால் அவர் உண்டு, வேலை உண்டு. லேட்டானால் பிள்ளைகள் நச்சரிக்கும், தாய்மார்கள் முதுகில் ஒன்று வைப்பார்கள், உடனே மைக்கில் பாட்டு வந்துவிடும். பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பார். சேத்தியாத்தோப்புச் சேவல் செருப்பு வாங்கப் போன பாட்டு, நல்லூர் எருமை மூக்குக்கண்ணாடி போட்ட பாட்டு. பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு கேட்பார்கள். பஸ் வந்த பிறகு ஏற மாட்டேன் என்று அழுத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

நான் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தேன். எங்களுடையது சட்டி பானை செய்கிற வீடு. அப்பா செய்கிற சட்டி பூச்சு எதுவும் இல்லாமல் சூளைக்குப் போகும், கறுப்பாகவோ சிவப்பாகவோ வரும். நான் சேர்ந்த கம்பெனியில் எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, டீ கப். அங்கே வேலைக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. சாயங்காலம் வேலை விட்டதும் தொழிற்பேட்டையிலிருந்து ஓட்டமாக ஓடிவந்து பஸ்ஸைப் பிடிப்பேன். பாதி நாள் அது கிளம்பியிருக்கும். இதைத் தினமும் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் ஒரு நாள் மைக்கில் பாடிவிட்டார்.

செவப்புத் தாவணி ஓடுது
செவப்பு பஸ்ஸும் ஓடுது
ரெண்டுல எது ஜெயிக்குது
ரோட்டுத் தூசி சிரிக்குது

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. என்னிடம் அப்போது இருந்ததே இரண்டு தாவணி, இரண்டும் சிவப்பு. மறுநாளிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டுப் பையன்கள் பாடினார்கள். கம்பெனியில் பாடினார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பையன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இதை முணுமுணுத்தான். நேராகக் கூண்டுக்குப் போய், “எம்மேல ஏன் சார் பாட்டு கட்றீங்க?” என்று கேட்டேன். “உம்மேல இல்லம்மா, தாவணி மேல” என்றார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனிக்கு ஒரு பள்ளிக்கூடத்து ஆர்டர் வந்தது. ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் பால் குடிக்கிற கப் கொடுக்க வேண்டும், கப்பில் ஏதாவது பாட்டு இருக்க வேண்டும். முதலாளி பூவராகனிடம் போனார். அவர் ஒரு பாட்டுக்கும் காசு வேண்டாம் என்றுவிட்டார். “பேரு மட்டும் போட்டுடுங்க. இது வரைக்கும் எழுத்துல எங்கயும் வந்ததில்ல” என்றாராம். கப்பில் எழுதுகிற பெயிண்டர் சுற்றிவர ஆடு, பஸ், நாலு வரி எல்லாம் போட்டு முடித்தபோது இடம் தீர்ந்துவிட்டது. அதனால் பெயரைக் கப்பின் அடி விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் எழுதினார். பூவராகன், விருத்தாசலம்.

என் வேலை அடி துடைப்பது. எழுதின கப்பை முதலில் கிளேஸில் முக்கி எடுப்பார்கள். சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரி பளபளப்பது அந்தக் குழம்புதான். அது அடியில் இருந்தால் உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கப்பை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஈர ஸ்பாஞ்சால் அடியில் ஒரு விரல் உயரம் சுற்றித் துடைத்துவிட வேண்டும். அந்த ஒரு விரலுக்குள்தான் அவர் பெயர் இருந்தது.

முதல் கப்பிலேயே பார்த்துவிட்டேன். “பேரு அழிஞ்சிடும்ங்க” என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். “அழிஞ்சா அழியட்டும்மா. கப்பு ஒட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார். அவரைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் தட்டில் படுவது அடி வளையம் மட்டும். ஸ்பாஞ்சு முனையால் அதை மட்டும் ஒற்றி எடுத்தால் பெயர் தப்பிக்கும், அது எனக்குத் தெரியும். இரண்டு கப் அப்படித்தான் துடைத்தேன். மூன்றாவது கப்பை எடுக்கும்போது அந்தப் பக்கம் பெயிண்டர் சிவப்புத் தாவணிப் பாட்டை விசிலடித்தார். ஒரே இழுப்பு. பூவராகனும் போனார், விருத்தாசலமும் போனது. அதற்கப்புறம் கை தானாகவே வேகம் எடுத்துக்கொண்டது. மனசுக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு கப்பையும் திரும்ப எடுத்துத் துடைத்தேன்.

ஆண்டு விழாவுக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் கப்பை வாங்கின கையோடு பாட ஆரம்பித்துவிட்டார்கள், மேடையில் பேசினவர் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. அவர் ஒரு பிள்ளையிடம் கப்பை வாங்கிச் சுற்றிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். இன்னொரு கப்பை வாங்கினார். பிறகு கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வந்து என்னிடம்தான் கேட்டார். “பேரு எங்கம்மா?”

“சூளையில போயிடுச்சுங்க. சூடு தாங்கல” என்றேன்.

“நெருப்பு தின்னுட்டுதா. சரி, அதுக்கும் பசிதானே” என்று சிரித்தார். நம்பிவிட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ.

மிச்சமிருந்த கப்புகள் மாசி மகத்துக் கடைகளுக்குப் போயின. எந்தெந்த ஊர்க்காரர்களோ வாங்கிப் போனார்கள், பாட்டும் கூடவே போனது. இரண்டு வருஷம் கழித்து, பஸ்ஸுக்காக நின்றிருந்த என்னைப் பூவராகன் கூண்டுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். சென்னையில் ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் பாட்டெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறார். இவை ஜனங்களிடம் ஏற்கெனவே வழங்குகிற பாட்டுகள், நீங்களே சொந்தமாக எழுதியது இருந்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்திருக்கிறது. “திருட்டுப் பட்டம் கட்டிட்டாங்கம்மா” என்றார். அந்த ஒரு முறைதான் அவர் சிரிக்காமல் பேசிக் கேட்டேன். வாயைத் திறந்திருக்கலாம். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். ஓடாமலே பிடித்த பஸ் அது.

அதற்குப் பிறகு மைக்கில் பஸ் நேரம் மட்டும்தான் வந்தது. பிள்ளைகள் கொஞ்ச நாள் ஜன்னலில் தொங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவர் ரிட்டயர் ஆனார். சர்க்கரை வியாதி முற்றி அவர் போய்ச் சேர்ந்ததுகூட எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். இப்போது டைம் ஆபீஸ் கூண்டும் இல்லை.

ரேஷன் கடையிலிருந்து வந்த மறுநாள் நல்லூருக்குப் போனேன். அவருடைய ஒரே மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது, வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். “உங்கப்பா பாட்டு எழுதி வெச்ச நோட்டு ஏதாவது இருக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“என்னா பாட்டுங்க?”

நான் ஆட்டுப் பாட்டைச் சொன்னேன். மூன்றாவது வரியில் அவளும் சேர்ந்துகொண்டாள், முகமெல்லாம் சிரிப்பு. பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது. “அப்பா என்னத் தூங்க வெக்க இததாங்க பாடுவாரு. யாருப்பா எழுதுனதுன்னு ஒருவாட்டி கேட்டேன். யாரோ எழுதுனது, கப்புலகூட பேரில்லாமதான் வந்துச்சுன்னாரு.”

ஸ்பாஞ்சைச் சொன்னேன், சூளைப் பொய்யைச் சொன்னேன், கடிதத்தைச் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அவரு எழுதியிருந்தா பெத்த பொண்ணுகிட்ட சொல்லாமயா இருந்திருப்பாருங்க? நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டு சொல்றீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க.”

குடித்துவிட்டு வந்தேன். பூவராகன் எழுதினார் என்று சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். நான் சொல்லி அவர் மகளே நம்பவில்லை.