ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கியவர்

என் வீட்டுக்காரர் ஜெபசிங்குக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை. அப்படி அவருக்கு ஒரு நினைப்பு. திருத்தணியிலிருந்து திருப்பதி போகிற ரோட்டோரம் அவருடைய மெக்கானிக் ஷெட் இருக்கிறது. ஒரு நாள் வேனில் வந்த ஆட்கள் அம்மையார்குப்பத்தில் தறி போடுகிற பக்தவச்சலம் வீடு எது என்று கேட்டார்கள். இவர் அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுகூட இல்லை. கையிலிருந்த ஸ்பேனரை நீட்டி, கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் அந்த ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். "வூடு மாத்தினு போயிருப்பாங்க" என்றாரே தவிர, தெரியாது என்று சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே கிடையாது.

வேலையில் குறை சொல்ல முடியாது. திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கியர்பாக்ஸ் ஜெபசிங் என்றால் தெரியும். அவருக்கு வலது கை எலியேசர். எங்கள் சபைக்காரன், எனக்குத் தம்பி வயது, என்னை அண்ணி என்பான். நட்டை முடுக்கிவிட்டு இரண்டாம் தடவையும் தொட்டுப் பார்க்கிற ஆள். ஷெட்டில் வண்டி தூக்குகிற டிராலி ஜாக்கு அவன் புதுப்பேட்டையில் அலைந்து தேடி வாங்கிவந்தது. அதற்கு எண்ணெய் விடுவதுகூட அவன்தான்.

நவீன்குமார் என்று ஷெட்டுக்கு வந்துபோகிற ஒரு தம்பி. சென்னையில் வேலை. கிருத்திகை தவறாமல் முருகன் மலைக்கு வருவான். அவனிடம் சிவப்பாக ஒரு கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம், உட்கார்ந்தால் பின்பக்கம் தரையில் தேயுமோ என்று பயமாக இருக்கும். வாரநாளில் ஆபீசுக்கு அதே வண்டி, லீவு நாளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் அதே வண்டி. அதற்கு லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் போடலாமா என்று ஒரு நாள் இவரிடம் வந்து கேட்டான்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் ஓடவேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது, அதுதான் டிஃப்ரன்ஷியல். சாதாரணப் பெட்டியில் ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றிலோ காற்றிலோ சும்மா சுற்றினால் இழுவையெல்லாம் அதற்கே போய்விடும். தரையில் ஊன்றி நிற்கிற சக்கரம் தேமே என்று நிற்கும். உருப்படாத பிள்ளைக்கே அள்ளிக்கொடுக்கிற தாய் மாதிரி. லிமிடெட் ஸ்லிப் அப்படி விடாது. ஊன்றி நிற்கிற சக்கரத்துக்கும் பங்கு கொடுத்துவிடும்.

"ரோட்ல பெருசா ஒண்ணும் தெரியாதுண்ணா. ட்ராக்ல வளைவு முடிஞ்சி ஆக்ஸிலேட்டரை அமுக்கறப்ப உள்பக்கத்து வீலு சும்மா சுத்தி வீணாப் போவுது. இது இருந்தா ரெண்டும் தள்ளும்" என்றான் நவீன்குமார்.

இவர் சிரித்தார். "அதெல்லாம் ஏமாத்து வேலப்பா. கரும்பு லாரியே அது இல்லாம சேத்துல ஏறுது. உன் தம்மாத்துண்டு வண்டிக்கு அது எதுக்கு? இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அந்தப் பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, சென்னையில் போட்டுக்கொண்டான். அடுத்த கிருத்திகைக்கு வந்தபோது பின்பக்க வலது சக்கரத்தில் ஏதோ சத்தம் என்று ஷெட்டில் விட்டான். எலியேசர் அப்போது டீ வாங்கப் போயிருந்தான்.

"அண்ணா, அதைப் போட்டாச்சி. வீலை ஓட்டிப் பாக்கறதுன்னா ரெண்டு பக்கமும் தூக்கிடுங்க. மறந்துடாதீங்க."

"ஆங், ஆங். எனக்குத் தெரியாதா? நீ போய்ச் சாமி கும்புட்டுகினு வா."

அவன் மலையேறிப் போனான். நான் சாப்பாட்டுக் கேரியரோடு ஷெட்டுக்கு வந்தபோது, எலியேசர் இவர் சொன்னபடி வலது சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி நிறுத்தியிருந்தான். பிறகு காருக்கு முன்னால் பட்டறை மேசையருகே குந்தி ஒரு லாரி பேரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் காருக்குள் உட்கார்ந்து, கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். தூக்கியிருந்த சக்கரம் மட்டும் சுற்றும், காதைக் கொடுத்துக் கேட்கலாம் என்று நினைப்பு. தரையிலிருந்த சக்கரம் தள்ளிவிட்டது. வண்டி ஜாக்கை விட்டுக் குதித்துப் பாய்ந்தது. ஐயோ, அவன் போட்ட சத்தம்! மேசைக்கும் காருக்கும் நடுவில் அவன் கால்.

ஆட்டோவில் ஏற்றும்போது இவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஜாக்கை ஒழுங்கா வெக்கறதில்ல? எத்தினி வாட்டி சொல்றது உனக்கு?" வலியில் துடிக்கிறவன், "மன்னிச்சிக்கண்ணா" என்றான்.

அந்த நிமிஷம் இவருக்கே விஷயம் உறைக்காமல் இருந்திருக்கலாம். அந்தச் சலுகையை நான் கொடுக்கிறேன். ஆனால் நவீன்குமார் நெற்றி நிறைய விபூதியோடு வந்து வண்டியைப் பார்த்ததும், "ரெண்டு பக்கமும் தூக்கச் சொன்னேனேண்ணா! நிக்கற வீலு தள்ளிடுச்சில்ல?" என்றான். இவர் முகம் செத்துப்போனது. ஜாக்கைக் காலால் ஓரம் தள்ளினார். அப்புறம், "இல்லப்பா, ஜாக்கு சறுக்கிடுச்சி" என்றார். கேரியரைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் கேரியரைப் பார்த்தேன்.

மறுநாள் அந்த ஜாக்கைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார். நல்ல ஜாக்கு! அதற்கு ஒரு கேடும் இல்லை. எலியேசருக்குக் கணுக்கால் எலும்பில் விரிசல் விழுந்து மாவுக்கட்டு. நான் ரசம் வைத்துக் கொண்டுபோவேன். அவன் வீட்டுக்காரி என்னைக் கும்பிட்டு உட்காரவைப்பாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேனே, எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பத்து வேன் வைத்திருக்கிற வேணு ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து, "ஜெபா, அவன் திரும்ப வந்தான்னா என் வண்டியில கை வெக்க வுடாத. ஜாக்கே வெக்கத் தெரியாதவன் பிரேக்கை இன்னா பண்ணுவான்?" என்றான். இவர் "சரி" என்றார். சரியாம்! கையை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அந்தப் பேர் போனால் வேறு என்ன மிஞ்சும்?

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நீயெல்லாம் ஒரு மனுசனா? உனக்கு மீசை ஒரு கேடா? அவன்கிட்ட போய்ச் சொல்லு."

"சொன்னா என்னை எவன் மதிப்பான் தபிதா?"

"இப்ப நான் மதிக்கறேனா?"

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம். ஆபத்திலிருந்து தப்பினவர்கள் சபைக்கு முன் எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கம். எலியேசர் கம்பை ஊன்றி எழுந்தான். "தப்பு என்னுதுதான். ஜாக்கை நான் சரியா வெக்கல. அண்ணன் வண்டிக்குள்ள இருந்தாரு, அவருக்கு ஏதாவது ஆயிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? ஆண்டவர் காப்பாத்தினாரு. அண்ணனும் என்னை மன்னிச்சி வேலையில வெச்சிகினு இருக்காரு. ரெண்டு பேருக்கும் ஸ்தோத்திரம்."

சபையே "ஸ்தோத்திரம்" என்றது. முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

ஆண்கள் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இவர் எழுந்து நின்றிருந்தார்.

"ஜாக்கு நல்லாத்தான் நின்னுது" என்றார். "அந்த வண்டியில டிஃப்ரன்ஷியல் வேற மாதிரி. ஒரு சக்கரத்தைத் தூக்கினா இன்னொண்ணு தள்ளும். ரெண்டையும் தூக்கணும். அந்தத் தம்பி சொல்லிட்டுதான் போனான். நான்தான் கேக்கல." முன்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிஃப்ரன்ஷியல் அங்கே ஒருவருக்கும் புரிந்திருக்காது. மிச்சம் எல்லோருக்கும் புரிந்தது. "அன்னிக்கே எனக்குத் தெரியும். எலியேசர் மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்பாடா, சொல்லிவிட்டார், இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். நானும் எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டேன்!

ஆராதனை முடிந்து செருப்பு விட்ட இடத்தில் எலியேசர் நின்றுகொண்டிருந்தான். இவர் கிட்டே போனார். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"படுத்துகினு இருந்த நாளெல்லாம் அந்த ஜாக்கைத்தாண்ணா மனசுல வெச்சி வெச்சிப் பாத்தேன். எங்க சறுக்கிச்சி, எங்க தப்பு பண்ணேன்னு. இப்ப ஒரு நட்டை முடுக்கினா பத்து வாட்டி தொட்டுப் பாக்கறேன். என் கையை நானே நம்பறதில்ல. இனிமே எப்படிண்ணா நம்பறது?"

எதைக் கேட்டாலும் ஸ்பேனரை நீட்டி வழி சொல்கிற மனுஷன் எலியேசர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியலயே, எலியேசர்" என்றார்.