அத்தையின் ஆற்றில் இரண்டு வீடுகள்

ஆறு பிறக்கிற இடத்தில் போர்டு வைத்திருப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், நான்காம் வகுப்பில் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அத்தை போனில் காட்டினாளே! பாசி பிடித்த ஒரு பாறை, அதன் இடுக்கிலிருந்து எங்கள் வீட்டுக் குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற அளவுக்கு ஓர் ஒழுகல், பக்கத்தில் ஒரு மரப்பலகை. பலகையில் இருந்த பெயரை அவள் மூன்று தடவை படித்துக் காட்டியும் எங்களில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. "அத விடும்மா, அத்தை ஆறுன்னே வச்சுக்குவோம்" என்றார் அப்பா.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மாசியில் கல்யாணமாகி, பங்குனியில் ஜெர்மனிக்குப் போனாள். மாமாவுக்கு அங்கே மலைமேல் ஒரு சின்ன ஊரில் வேலை. கிளம்பும்போது அவள் பெட்டியில், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில், கல்யாண மாலைகள் இரண்டையும் கவரில் சுற்றி அம்மா வைத்தாள். புதிதாகக் கல்யாணமானவர்கள் அந்த மாலைகளை வைத்திருந்து, ஆடிப்பெருக்கன்று புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஆற்றில் விட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே ஆறு இருக்குமா என்பது அம்மாவின் கவலை.

அப்பாவின் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அத்தையிடமிருந்து வீடியோ கால் வரும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று தலைகளும் ஒரு போனுக்குள் முட்டிக்கொள்வோம். சித்திரையில் ஒரு தடவை மாமாவின் பாதி முகம் தெரிந்தது. அதற்கப்புறம் அதுவும் இல்லை. ஒவ்வொரு வாரமும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளை எங்கம்மா?" என்பார். "அவர்தாண்ணே கேமரா பிடிச்சுக்கிட்டு இருக்காரு" என்று அத்தை சிரிப்பாள். போனை வைத்தபிறகும் அப்பா அந்தத் திரையையே தட்டித் தட்டிப் பார்ப்பார். தன் தங்கை அங்கே நன்றாக இருக்கிறாளா இல்லையா என்பது அவருக்குப் பிடிபடவில்லை. மன்னார்புரத்தில் பேட்டரி கடை வைத்திருப்பவர், எந்த பேட்டரியையும் தொட்டுப் பார்த்தே உயிர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இதில் மட்டும் திணறிப் போனார்.

எனக்கு மாமாவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. எனக்கு ஆறுதான் முக்கியம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, ஏதாவது ஓர் ஆற்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் அத்தனை பேரும் காவிரி. நான் மட்டும் அத்தை ஆறு. அத்தையிடம் சொன்னதும் உற்சாகமாகிவிட்டாள். "வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா நடந்து முழுசா காட்டுறேன்டி கண்ணு. மொத்தமே இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான்."

இருபத்தைந்து கிலோமீட்டரா! கல்லணைக்குப் போய்ச் சேர்ந்து, இன்னும் கொஞ்சம் நடப்பதற்குள் ஓர் ஆறு பிறந்து, வளர்ந்து, முடிந்தும் போய்விடுமாம். அதை வாய்க்கால் என்றல்லவா சொல்ல வேண்டும்? கேட்டால் அத்தைக்குக் கோபம் வந்தது.

அந்த ஆறு என்னைக் குழப்பாத வாரமே கிடையாது. முதல் வாரம் அத்தை அதை ஒரே எட்டில் தாண்டினாள். அடுத்த வாரம் இருட்டுக் காடு. வானம் தெரியாத அளவுக்கு நெட்டை நெட்டையாக ஊசியிலை மரங்கள். அதற்குள் ஓடிய தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. சாக்கடை கலந்துவிட்டதா என்று அம்மா முகம் சுளிக்க, மேலே சதுப்பு நிலத்திலிருந்து வருவதால் அந்த நிறமாம், எடுத்துக் குடிக்கலாமாம். மூன்றாவது வாரம் பழைய மாவு மில் ஒன்று; சுற்றாமல் நிற்கும் ஒரு பெரிய மரச்சக்கரம். அதை ஒட்டிச் சின்னத் தடுப்பணை, அணையோரம் சின்னச் சின்னத் தொட்டிகளாகப் படிக்கட்டு. யாருக்கு? மீன்களுக்கு! மீன் மேலே ஏறிப்போகப் படிக்கட்டு கட்டிவைத்திருக்கிறார்களாம். அப்பாகூட அன்றைக்கு மாப்பிள்ளையைக் கேட்க மறந்துபோனார். அதற்கப்புறம் மணி கட்டிய மாடுகள், புல்வெளி, ஆற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டி ஓடும் ஒற்றை ரயில் பாதை. கடைசியில் ஆறு ஓர் ஊருக்குள் வந்து, பெரிய ஆறு ஒன்றில் சேர்ந்துவிட்டது. கடலில் சேரவில்லை. எங்கள் ஊரில் ஓர் ஆறு வந்து காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. அங்கே இரண்டு ஆறு ஒன்றாகிறது. எது சரி என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் அத்தையின் வீடு. முதல் வாரம் அவள் காட்டிய வீடு மலைமேல், கறுப்புக் கல்லில் ஓடு வேய்ந்தது. ஜன்னலை ஒட்டி ஓடிய ஆறு ஒரு முழ அகலம்கூட இல்லை. ஆனியில் ஒரு ஞாயிறு மழை. "இன்னைக்கு நடக்க முடியாதுடி, வீட்டு ஜன்னல்லேருந்தே காட்டுறேன்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஆறு பெரிதாக, இரும்பு ரயில் பாலத்துக்கு அடியில் போனது. "என்ன அத்தை, ஆறு பெருசாயிடுச்சு?" என்றேன். "இது வேற ஜன்னல் கண்ணு" என்றாள். ஜன்னல் மாறினால் ஆறு பெருக்குமா? இரண்டு வாரம் கழித்து அந்தப் பாலத்தை அத்தை நடந்துபோய்க் காட்டியபோதுதான் தெரிந்தது, அது கடைசி ஊரில் இருக்கிறது.

யாரிடமும் கேட்கவில்லை. கண்ணால் கண்டதைப் படத்தில் போட்டேன். ஆற்றின் தலைமாட்டில் ஒரு வீடு, 'அத்தை வீடு 1'. கால்மாட்டில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று, 'அத்தை வீடு 2'. அத்தைக்கு இரண்டு வீடு இருக்கிறது என்று வகுப்பில் பீற்றிக்கொண்டதும் உண்டு. வாடகை வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்?

அந்த வருஷம் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காவிரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாங்கள் போன அம்மா மண்டபம் படித்துறையில் கார்ப்பரேஷன்காரர்கள் குழாய் போட்டு, பூவாளி மாதிரி தண்ணீர் விட்டிருந்தார்கள். பெண்கள் அதில் தலையை நனைத்துக்கொண்டு, ஈர மணலில் மஞ்சள் பிள்ளையார் பிடித்துக் கும்பிட்டார்கள். ஆறே இல்லாமல் ஆற்றுக்குப் பண்டிகை எப்படி என்று கேட்டதற்கு அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். மறுநாள் கண்காட்சி, எங்கே போனாலும் படத்தைச் சுருட்டிக் கையோடு வைத்திருந்தேன்.

முன்பே சொல்லிவைத்தபடி அங்கிருந்தே அத்தையைக் கூப்பிட்டோம். அவளுக்கு அது காலை நேரம். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். "நூல், ஜரிகை எல்லாத்தையும் பிரிச்சுட்டேன் அண்ணி. வெறும் பூ மட்டுந்தான் விடப்போறேன். இங்க ஆத்துல எதுவும் போடக்கூடாது" என்றாள் மெதுவாக.

அம்மாவுக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. "அய்யய்யோ, அது கல்லும் பாறையுமா இருக்குமே! பாதியில சிக்கிக்கிட்டா நல்லாருக்காதே."

"நம்ம கலெக்டரம்மாவக் கேளு" என்று அப்பா என்னைக் காட்டினார். நான் மணலில் படத்தை விரித்தேன். மேல் வீட்டுப் பக்கம் முழுக்கப் பாறை, நடுவில் தடுப்பணை. பென்சிலால் தொட்டுத் தொட்டு விளக்கி, "கீழ் வீட்டுகிட்ட விட்டாச் சிக்கவே சிக்காது. நேரா பெரிய ஆத்துக்குப் போயிடும்" என்றேன்.

"அதென்னது, கீழ் வீடு?"

"அத்தை இப்ப இருக்கிற வீடுப்பா. ஆனியிலேருந்து இதுலதான் இருக்காங்க."

அப்பா குனிந்து படத்தைப் பார்த்தார். முதல் வீட்டில் ஒரு விரலும் இரண்டாம் வீட்டில் ஒரு விரலும் வைத்தார். பிறகு போனைப் பார்த்தார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரிக்கவில்லை. தன் போனை எங்கேயோ கல்லில் சாய்த்து வைத்திருக்க வேண்டும், படம் ஆடவே இல்லை. அவளிடம் கைக்கொன்றாக இரண்டு பூக் கவர்கள். பின்னால் இரும்புப் பாலம்.

"அவரையும் கூப்பிடேன், சேர்ந்துல்ல விடணும்" என்றாள் அம்மா, இன்னும் ஒன்றும் புரியாமல். பக்கத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்த அடுத்த தெரு மாமி வேறு எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளையைக் காணுமேங்க?" என்றாள்.

அத்தை கையிலிருந்த கவர்களைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைதாங்க கேமரா பிடிச்சுக்கிட்டு இருக்காரு" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாராவாரம் கேள்வி கேட்பவரே இன்றைக்குப் பதில் சொல்கிறாரே! அப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "ரெண்டையும் நீயே விட்டுடும்மா. ஒண்ணும் ஆகாது. விட்டுட்டு ஏதாவது சூடாச் சாப்பிடு." அத்தை சிறுபிள்ளை மாதிரித் தலையாட்டினாள். காய்ந்த பூக்கள் டிக்காஷன் தண்ணீரில் விழுந்தன. ஒரு கல்லிலும் சிக்காமல் பாலத்துக்கு அடியில் போய் மறைந்தன. அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவ்வளவு சின்ன ஆற்றுக்கு ஒரு ஆள் போதும் என்று அப்பா விட்டுவிட்டார், அதற்குப் போய் இவள் ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அப்பா என் படத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்காட்சிக்கு வேண்டும் என்று வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உள்ளே அழைத்துப்போய் ஏதோ சொன்னார். வெளியே வந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. சாயங்காலம் படம் என் கைக்குத் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், என் ரப்பரையே எடுத்து, மலைமேல் இருந்த வீட்டை அப்பா அழித்திருந்தார். கலர் பென்சில் முழுதாக அழியுமா? அந்த இடம் தேய்ந்து, கறுப்பாக ஈஷிக்கிடந்தது. கீழ் வீட்டில் நான் போட்டிருந்த 2ஐயும் அழித்துவிட்டார். வெறும் 'அத்தை வீடு' என்று மட்டும் இருந்தது.

அன்றைக்கு நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவிடம் இரண்டு நாள் பேசவே இல்லை. இரண்டு வீட்டுக்காரியாக இருந்த என் அத்தையை ஒரு ரப்பரை வைத்து ஏழையாக்கிவிட்டாரே என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம்.