மாமாவின் உள்ளங்காலும் ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடியும்

அந்த வியாழக்கிழமை காலை குசினி வாசலில் நான் துடைத்தது செம்மண்ணா, இரத்தமா? இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வீடு இணுவிலில். கணவருக்கு வவுனியாவில் வேலை. சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் இரண்டு வயது மகளும் மாமாவும்தான். மாமா என் கணவரின் தகப்பன். எழுபது கடந்தவர், நெடுநாள் நீரிழிவுக்காரர். குளிசையைத் தானே எடுத்துப் போடுவார், உடுப்பைத் தானே தோய்ப்பார், விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் உள்ள வெங்காயத் தோட்டத்தில் இறங்கிவிடுவார். தோட்டத்துக்குள் அவர் செருப்புப் போட்டதே இல்லை. திரும்பி வரும்போது வெள்ளை மாபிள் நிலத்தில் சிவந்த காலடிகளும் கூடவே வரும். நான் துடைப்பேன்.

அந்த வியாழன் ஒரு காலடி மட்டும் கருமையாக இருந்தது. ஈரமண் என்று நினைத்தேன். மகள் அழுதுகொண்டிருந்தாள். துடைத்துவிட்டுப் போய்விட்டேன். சனிக்கிழமை மாமா கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து நின்ற இடமும் சிவந்தபோதுதான் பதறினேன். கழுவிய காலில் ஏது மண்?

பெருவிரலுக்குக் கீழே பழைய வேலிக்கம்பித் துண்டொன்று ஏறியிருந்தது. அவருக்கு நோகவே இல்லை. நானும் கணவரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினோம். மருந்து கட்டிய தாதி, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னதாகவே எனக்குப் பட்டது.

அன்றே நான் சொல்லிவிட்டேன், இனித் தோட்டம் வேண்டாம் என்று. கணவரும் ஓம் என்றார். தண்ணீர் இறைக்க அயலில் ஒருவரை ஒழுங்கு செய்தோம். மாமா எதிர்த்துக் கதைக்கவில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்தார். புண் ஆறிக்கொண்டு வந்தது. மனிதர் வேறொருவராகிக்கொண்டு வந்தார். தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்தவர், நான் கொண்டுபோகும்வரை காத்திருந்தார். ஒரு நாள், "பிள்ளை, கிணத்தடிக்குப் போகட்டோ?" என்று கேட்டார். அன்று காலையில் என் மகளும் அதையேதான் கேட்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அடுத்த கிளினிக்கில் புண் முழுதாக ஆறிவிட்டது என்றார்கள். ஆனால் இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. "நடமாட்டம் இல்லைப் போலை" என்றார் டொக்டர்.

திரும்பும் வழியில் மருதனார்மடத்தில் இறங்கி, பின்வார் வைத்த றப்பர் சப்பாத்து ஒரு சோடியும் அதற்குள் போட மேசும் வாங்கினேன். வீட்டில் மாமாவுக்கு முன்னால் வைத்தேன்.

"இதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கோ மாமா."

அவர் சிரித்தார். "உதைப் போட்டுக்கொண்டு தண்ணி மாறினா வெங்காயமே சிரிக்கும் பிள்ளை."

தண்ணி மாறுவது என்றால், ஒரு பாத்தி நிறைந்ததும் காலால் மண்ணைத் தள்ளி அதன் வாயை அடைத்து, அடுத்த பாத்தியைத் திறப்பது.

"பாத்தி நிறைஞ்சது காலுக்குத் தெரியோணும். குளிர் ஏறி வரும்" என்றார்.

"இப்ப தெரியுதோ மாமா?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக்கூடாதோ என்று பயந்தேன். அவர் தோட்டப் பக்கம் திரும்பினார்.

"இல்லை" என்றார். "ரெண்டு மூண்டு வருசமாத் தெரியேல்லை. கண்ணாலை பாத்துத்தான் மாறுறன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"கண்ணாலை பாக்கிறதுக்குச் சப்பாத்து என்ன இடைஞ்சல்?"

"வாய்க்காரி" என்று சொல்லிக்கொண்டே ஒரு சப்பாத்தை எடுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார். மறுநாள் விடிய மண்வெட்டியோடு போனார். காலால் தள்ளிய மண்ணை இப்போது மண்வெட்டியால் தள்ளுகிறார். வெங்காயம் சிரித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் உள்ளங்காலை நாள்தோறும் பார்க்க வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். மாமாவுக்கு அவ்வளவு குனிய ஏலாது. மகளைக் குளிப்பாட்டும்போது விரலிடுக்குவரை பார்க்கிற நான், இவருடைய காலையும் பார்த்துவிடலாம் என்று கிட்டப் போனேன். சட்டென்று இழுத்துக்கொண்டார். வருடப்பிறப்பன்று நாங்கள் விழுந்து கும்பிடுகிற கால் அது. அதன் அடியை மருமகள் தூக்கிப் பார்ப்பதா?

"நீர் விடும் பிள்ளை. நான் இன்னும் படுக்கையிலை விழேல்லை."

இரண்டு நாள் கழித்து, கணவரின் பழுதாய்ப்போன மோட்டார் சைக்கிளில் இருந்து பக்கக் கண்ணாடியைத் தண்டோடு கழற்றிக்கொண்டு வந்தார். கதிரையில் இருந்து காலைத் தூக்கி, அடியில் கண்ணாடியைப் பிடித்தார்.

"பின்னாலை ஆர் மாமா வருகினம்?"

"பஸ் வருகுது. விலத்தி நில்லும்."

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் விறாந்தையில் இருந்து, "பிள்ளை, ஒண்டும் இல்லை!" என்று குரல் வரும். மகளும் தன் குட்டிக் காலைக் கண்ணாடிக்கு நீட்டி, "ஒண்டுமில்லை" என்பாள்.

ஒரு பின்னேரம் அந்தக் குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். "குதியிலை ஒரு வெடிப்பு" என்றார். தானே கழுவித் துடைத்தார். காலையில் தானே பஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் கூட வரட்டோ என்று கேட்டதற்கு, "நீர் பிள்ளையைப் பாரும்" என்றார். மத்தியானம்வரை எத்தனை தரம் வாசல் படலைக்கு ஓடினேனோ தெரியாது. குதியில் ஒரு கட்டோடும் கையில் ஒரு பிடி முளைக்கீரையோடும் வந்து சேர்ந்தார்.

அவரைத் திரும்பத் தோட்டத்துக்கு விட்டது சரிதான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும், நிலம் துடைத்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் நான் பிழிவதில்லை. மாமாவுக்கு இது தெரியாது.

இனி மாரி. சேறு சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். ஈர மேசு விரலிடுக்கைப் புண்ணாக்கும் என்று தாதி சொல்கிறார். மழைக்காக அவரை மறுபடி கதிரையில் இருத்த எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டிலும் காலில் உணர்ச்சி குறைந்த ஒருவர் மாரியில் தோட்டத்தில் இறங்கினால், காலுக்கு என்ன போடுகிறார்? எப்படிக் காயவைக்கிறீர்கள்? "ஒண்டும் இல்லை" என்று அவர் சொன்னால், அதோடு விட்டுவிடுகிறீர்களா? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.