ரசமட்டமும் கோணல் கைடும்

அந்தத் தச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கியில் மட்டும்தான் புழங்கியது. மற்ற எல்லோருக்கும் அவர், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம். யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் படம் சாய்ந்திருந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே அதை நேராக்கிவிடுவார். மகள் பிறந்தபோது நர்ஸ் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்க, தகப்பனார் ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை நிமிர்த்துவதற்காகப் பெஞ்சின்மேல் ஏறியிருந்தார். அப்பேர்ப்பட்டவரின் பட்டறையில்தான் ரம்ப மெஷினின் கைடு கோணிக்கொண்டது.

கைடு ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. மெஷின் மேசையில் பிளேடுக்குப் பக்கத்தில் நிற்கும் நீளமான இரும்புச் சட்டம். அதை ஒட்டிப் பலகையைத் தள்ளினால் நேராக அறுபடும். மேசையின் முன்விளிம்பில் ஒரு குழாய் ஓடும். கைடை அதன்மேல் நகர்த்தி, வேண்டிய இடத்தில் பிடியை அழுத்திப் பூட்டுவார்கள். ரசமட்டம் காலையில் டேப் வைத்து அளந்து பூட்டுவார். மதியத்துக்குள் அதன் பின்முனை பிளேடு பக்கம் சாய்ந்திருக்கும். பிடியை மாற்றினார். ஸ்க்ரூவை மாற்றினார். மெஷினைச் செய்தவனின் பரம்பரையையே விசாரித்தார். கைடு எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. பூட்டிய பிறகுதான் அசைந்தது.

பல் டாக்டர் வீட்டுச் சமையலறைக்குச் செய்த அலமாரிக் கதவுகள் மேலே ஒட்டி, கீழே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. டாக்டர் குனிந்து பார்த்தார். "கிளிப் போடணும் போலிருக்கே" என்றார். ரசமட்டத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? பட்டறையில் மெஷினைத் தொடுபவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். எனவே குற்றவாளி மற்றவன், அதாவது மனைவியின் தம்பி.

"மாப்ள, பலகையை இறக்கும்போது கைடுல இடிக்கற."

"இல்ல மாமா."

"அப்ப பேய் வந்து இடிக்குதா?"

அதற்குமேல் பிரசங்கம் தொடங்கும். மெஷினில் சாய்ந்துகொண்டு, மைத்துனன் பள்ளிக்கூடத்தில் கோட்டைவிட்ட பரீட்சைவரை போய்த்தான் நிறுத்துவார்.

ஒரு நாள் மைத்துனன் தள்ளிய பலகை பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே இறுகிச் சிக்கியது. அடுத்த கணம் பின்னால் சீறிப் பறந்து, அவன் விலாவில் இடித்து, தகரக் கதவைப் பொத்தலாக்கியது. ரசமட்டம் வெலவெலத்துப் போனார். ஆனால் அவருக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"தடிமாடு மாதிரி இடிச்சுட்டே இருந்தா இப்படித்தான் ஆகும்" என்று கத்தினார்.

மைத்துனன் விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "நான் செத்திருந்தாகூட, போறபோக்குல கைடை இடிச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லுவீங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

மறுநாள் கைடு ஆணி அடித்தாற்போல் நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ரசமட்டம் பின்கட்டில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? உன் தம்பி போனான், கைடு நேராயிடுச்சு."

"அவன் போனதும் நீங்க திட்டறதும்தான் நின்னுடுச்சு" என்றாள் அவள், உப்புத்தாளைக் கீழே வைக்காமலே.

அது போதாதா? இடுப்பை மேசை முன்விளிம்பின் வலது முனையில் முட்டுக்கொடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, மாமனார் வீட்டு வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். அப்பா, பெரியப்பாவைத் தாண்டி அத்தைக்கு வந்தபோது மனைவி கிட்டே வந்தாள்.

"அப்படியே நில்லுங்க."

"ஏன்?"

"அந்தக் குழாயைப் பாருங்க."

குழாயின் வலது முனை உள்ளே நகர்ந்திருந்தது. கைடும் அதோடு சேர்ந்து திரும்பியிருந்தது. ரசமட்டம் இடுப்பை எடுத்தார். குழாய் திரும்பி வரவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மனைவி. "இங்க ஆடினவரே கூடத்தைக் கோணலாக்கியிருக்காரு."

அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேசைக்கடியில் படுத்தார். குழாயைத் தாங்கும் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது நுழையும் துளை தேய்ந்து, அவரைக்காய் போல நீண்டிருந்தது. எத்தனை பிரசங்கங்களின் தேய்மானமோ. தடித்த இரும்புப் பட்டை ஒன்றில் புதுத் துளை போட்டு, பழையதன்மேல் வைத்து முறுக்கினார். பிளேடின் முன்னும் பின்னும் அளந்து கைடைப் பூட்டினார். பிறகு மனைவி தன் முழுப் பாரத்தையும் போட்டு அதே இடத்தில் சாய்ந்தாள். மயிரிழைகூட நகரவில்லை.

"மெஷின் வேலை முடிஞ்சுது" என்றாள். "இப்ப தம்பி வீட்டுக்குப் போங்க."

மைத்துனன்தான் கதவைத் திறந்தான். பொத்தான் போடாத சட்டைக்குள் விலா கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகளை ரசமட்டம் ஒதுக்கிவைத்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"சிரிச்சா வலிக்குது."

"சிரிப்பு வர்ற மாதிரி ஒண்ணுதான் சொல்ல வந்திருக்கேன் மாப்ள. பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டு, இடுப்பு, குழாய், பிரசங்கம் எல்லாவற்றையும் கொட்டினார். "உன் மேல தப்பே இல்ல. அந்தப் பலகை உன் மேல விழுந்ததுக்கும் நான்தான் காரணம்" என்றார்.

மைத்துனன் விலாவை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். பிறகு உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டான்.

"இங்க வா, மாமா இன்னொரு தடவை சொல்லுவாரு."

ரசமட்டம் சொன்னார். இந்த முறை இடுப்பை எப்படி வைத்திருந்தார் என்று கதவு நிலையில் சாய்ந்து நடித்தும் காட்டினார்.